மேலே போர்த்துவதற்கு முன் கீழே விரிப்போம்

மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஊட்டிக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லத் திட்டமிட்டோம். கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலை நான்தான் எழுதிப் பெற்றோருக்குக் கொடுத்தனுப்பினேன். அதன் முதல் வரி, "ஸ்வெட்டர் கட்டாயம்". எழுதும்போது அந்த வரியைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் கடியப்பட்டணத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அரபிக்கடல் ஓரத்தில் இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது மிக அரிது. அங்கே எந்த வீட்டில் ஸ்வெட்டர் இருக்கும்? பட்டியல் போன ஒரு வாரத்தில் ஐந்து பேர் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பெண் பிள்ளை வகுப்பில் எப்போதும் முதலில் கை தூக்குபவள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "எனக்கு ஊட்டி ஒண்ணும் பாக்கண்டாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றுலாப் பணத்தைப் பல மாதங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த அந்த வீட்டுக்கு ஸ்வெட்டர் ஒரு தனிச் செலவு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சரி, ஸ்வெட்டருடன் வந்தவர்களாவது நன்றாகத் தூங்கினார்களா? அதுவும் இல்லை.

அந்த இரவு

எங்கள் கையிருப்புக்கு ஏற்ற ஒரு மலிவு விடுதியில் தங்கினோம். ஒரே கூடத்தில் இருபது பேர். சிலருக்கு இரும்புக் கட்டில், சிலருக்குத் தரையில் மெத்தை. அமுங்கிப்போன பஞ்சு மெத்தையும் ஆளுக்கு ஒரு போர்வையும் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஸ்வெட்டர், குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டு பத்து மணிக்குப் படுத்துவிட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் பாதிப் பேர் விழித்துக் கிடக்கிறார்கள். தரையில் படுத்த ஒருத்தி, "டீச்சர், எனக்க காலு எனக்கே தெரியல்ல" என்று அழுதாள். அறையில் நான் கொண்டுபோயிருந்த ஆய்வக வெப்பமானி 9 டிகிரி காட்டியது.

அதைவிட மோசமான ஒன்று பையன்கள் கூடத்தில் நடந்தது. பிள்ளைகள் நடுங்குவதைப் பார்த்து இரக்கப்பட்ட விடுதிக் காவலர் ஒருவர், ஒரு தகர வாளியில் கனன்றுகொண்டிருந்த அடுப்புக்கரியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்து, காற்று வராமல் சன்னல்களையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். அவர் நல்ல மனதோடுதான் செய்தார். தற்செயலாக எங்கள் உடற்கல்வி ஆசிரியர் கழிப்பறைக்குப் போக எழுந்ததால் அதைப் பார்த்தார். வாளியை வெளியே தூக்கி வைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லாப் பையன்களையும் எழுப்பி உட்கார வைத்தோம். இரண்டு பேர் தலை வலிக்கிறது என்றார்கள். காற்றோட்டத்தில் சிறிது நேரத்தில் சரியாகிவிட்டது. அவர் எழாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

மலைப் பகுதிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் இரவு இருக்கக்கூடும். அதைத் தவிர்க்கப் பெரும் செலவு தேவையில்லை. எட்டாம் வகுப்பு அறிவியலில் நாமே நடத்தும் வெப்பப் பாடம் போதும். அந்தப் பாடத்தை நான் ஆண்டுதோறும் நடத்தினேன். ஆனால் பட்டியல் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

ஊட்டி ஏன் அவ்வளவு குளிர்கிறது?

உயரம் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் கூடும்போதும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 14.5 டிகிரி வித்தியாசம். ஜனவரி இரவில் எங்கள் ஊரில் 22 டிகிரி என்றால் அங்கே 7 அல்லது 8. மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீசி இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தாழ்வான பள்ளங்களில் போய்த் தேங்கும். அதனால்தான் ஊட்டியின் தாழ்ந்த புல்வெளிகளில் டிசம்பர், ஜனவரி காலைகளில் உறைபனி வெள்ளையாகப் படிகிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் நீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிரும். அதனால் கடலோரத்தில் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. "இரவு குளிரும்" என்று நாம் சொன்னால் மழைக்கால இரவைத்தான் அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பகலில் ஊட்டி வெயிலில் விளையாடும்போது ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்பவர்கள், மாலை ஆறு மணிக்கு மேல் வரப்போவதை எதிர்பார்ப்பதில்லை.

போர்வை சூடு தருமா?

திரும்பி வந்த பிறகு வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். கடியப்பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஐஸ் கட்டி புதிதல்ல. மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியும் புதிதல்ல. ஒரே அளவான மூன்று ஐஸ் கட்டிகளை எடுத்தோம். ஒன்றைத் தட்டில் திறந்து வைத்தோம். ஒன்றைத் தெர்மாகோல் பெட்டியில் மூடினோம். மூன்றாவதைக் கம்பளிச் சால்வையில் சுற்றினோம். எது முதலில் உருகும் என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் சொன்னது, "கம்பளிதான் டீச்சர், அது சூடில்லியா!"

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் திறந்து வைத்தது நீராகிவிட்டது. கம்பளிக்குள் இருந்தது பெரும்பகுதி அப்படியே இருந்தது. பெட்டிக்குள் இருந்தது அதைவிடச் சற்றுப் பெரியதாக இருந்தது. வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு ஒரு பையன் மெதுவாகக் கேட்டான், "அப்போ கம்பளியில சூடே இல்லியா டீச்சர்?"

இல்லை. கம்பளியிலும் தெர்மாகோலிலும் இருப்பது அசையாமல் சிறைப்பட்ட காற்று. காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். ஐஸைச் சுற்றினால் வெளிச்சூடு உள்ளே போகாது. மனிதனைச் சுற்றினால் உள்சூடு வெளியே போகாது. சூடு தருவது நம் உடல்தான். வளர்ந்த ஒருவரின் உடல் தூங்கும்போது ஏறத்தாழ 70 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. பழைய மஞ்சள் குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். அந்த வெப்பத்தைத் தக்கவைப்பதே விடுதி இரவில் நாம் செய்ய வேண்டிய வேலை. சிறு பிள்ளைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால் அவர்கள் நம்மைவிட வேகமாகக் குளிர்ந்துபோவார்கள். "எனக்கே குளிரவில்லை, உனக்கென்ன?" என்று கேட்பது சரியல்ல.

பலகை குடிக்கும் சூடு

அடுத்த ஆண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த அனுபவத்தைச் சொன்னேன். ஊட்டி வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெண்ணின் தந்தையும் வந்திருந்தார். தங்குகடல் தொழிலுக்குப் போகிறவர். நாள்கணக்கில் படகிலேயே உண்டு உறங்குபவர். அவர் சொன்னார்: "மேல எத்தன போர்த்தினாலும் காரியமில்ல டீச்சர். கீழ உள்ள பலகை சூட்டைக் குடிச்சிரும். நாங்க தெர்மாகோல் மூடியக் கீழ போட்டுட்டுத்தான் சாய்வோம்."

எங்கள் பிள்ளைகள் தூங்காத காரணம் இந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. படுக்கும்போது உடலின் எடை மெத்தையை அமுக்குகிறது. அதிலுள்ள காற்று வெளியேறிவிடுகிறது. பழைய பஞ்சு மெத்தையில் அமுங்கிய இடத்தில் கனம் ஒரு விரலளவுகூட இருக்காது. அடியில் மொசைக் அல்லது டைல்ஸ் தரை. அது இரவு முழுவதும் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கட்டிலில் படுத்தவர்களுக்குக் கம்பிகளுக்கு இடையே குளிர்ந்த காற்று கீழிருந்து ஏறும். மேலே இரண்டு போர்வை போர்த்தினாலும் முதுகு குளிரும்.

இரண்டாம் முறை போனபோது கீழ்ப்பக்கத்தை முதலில் கவனித்தோம். செய்தவை இவை:

• ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பாய் கொண்டுவந்தது. கோரைப்பாயோ ஓலைப்பாயோ எதுவானாலும் சரி.

• ஊட்டிக் கடைகளில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்தோம். அட்டையின் நெளிவுகளுக்குள் காற்று இருப்பதால் அது நல்ல தடுப்பு.

• கட்டில்களில் மெத்தைக்கு அடியில் பழைய செய்தித்தாள்களைப் பத்துப் பன்னிரண்டு தாள் கனத்துக்கு அடுக்கினோம்.

• இரண்டு போர்வை கிடைத்த பிள்ளைகளிடம் ஒன்றைக் கீழே விரிக்கச் சொன்னோம்.

பாயும் தரையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் வெறுங்காலை வைத்தால் தரை சில்லென்றும் பாய் இதமாகவும் தெரிகிறது. ஏன் என்று அந்த இடத்திலேயே கேட்டுப் பாருங்கள். கடத்தும் வேகம்தான் வேறுபாடு என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துச் சொல்வார்கள். வகுப்பறையில் ஒரு பாடவேளை விளக்கியும் புரியாதது அங்கே ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

விடுதி தந்ததும் ஓர் ஆசிரியர்தான்

மலிவு விடுதியின் வரலாறும் கீழே விரித்த படுக்கையில்தான் தொடங்குகிறது. ஜெர்மனியில் ஆல்டெனா என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் ரிச்சர்ட் ஷிர்மான். 1909 ஆகஸ்ட் 26 அன்று மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடிமழையில் மாட்டிக்கொண்டார். ஒரு கிராமப் பள்ளியின் வகுப்பறைகளில் இடம் கிடைத்தது. படுக்க வைக்கோலும் குடிக்கப் பாலும் ஒரு விவசாயி கொடுத்தார். பிள்ளைகள் தூங்கிய பிறகும் ஷிர்மான் விழித்திருந்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளை ஏழைப் பிள்ளைகள் பயணத்தில் தங்கும் இடமாக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1912இல் ஆல்டெனாவின் பழைய கோட்டையில் அவர் இளைஞர் விடுதியைத் தொடங்கினார். அந்த இயக்கம் பிறகு உலகெங்கும் பரவியது. இந்திய இளைஞர் விடுதிகள் சங்கம் 1949இல் உருவானது.

வைக்கோல் ஒரு தற்செயலான படுக்கை அல்ல. அதன் தாள் உள்ளே குழாய்போல் வெறுமையானது. உள்ளேயும் இடையேயும் காற்று நிற்கும். நம் ஊரில் பிறந்த கன்றுக்கு வைக்கோல் விரிப்பதும் இதற்காகத்தான்.

இளைஞர் விடுதிகளில் இன்னொரு நல்ல வழக்கம் வளர்ந்தது. தங்குபவர் தமக்கென ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து, அதற்குள் நுழைந்து படுத்து, விடுதிப் போர்வையை அதன்மேல் போர்த்திக்கொள்வார். பலர் பயன்படுத்திய போர்வை உடலில் நேரடியாகப் படாது. சொறி சிரங்கு போன்றவை படுக்கை வழியாகத் தொற்றும் வாய்ப்பு குறையும். துணிக்கும் உடலுக்கும் இடையே ஒரு காற்றுப் படலமும் கூடுதலாகக் கிடைக்கும்.

இந்தப் பையை நாங்கள் பழைய நூல் புடவையில் தைத்தோம். ஐந்தரை மீட்டர் புடவையை நடுவில் மடித்து இரு பக்கமும் தைத்தால் 2.75 மீட்டர் நீளமுள்ள பை. பிள்ளையின் உயரத்துக்கு மிஞ்சும் பகுதியைக் கால் பக்கம் மடித்தால் பாதத்துக்கு இரட்டைத் துணி. தையல் இயந்திரம் இருந்த வீடுகளில் அம்மாக்கள் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார்கள்.

ஈரம் முதல் எதிரி

அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அது ஆவியாகும்போதும் உடலின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். பகலில் ஓடி விளையாடி வியர்த்த சட்டையோடு, பனியில் நனைந்த காலுறையோடு படுப்பவர்தான் முதலில் நடுங்குவார். படுக்கும் முன் உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் உலர்ந்ததாக மாற்ற வேண்டும். இரவுக்கென ஒரு சோடிக் காலுறையைத் தனியே பாலித்தீன் பையில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். தலைக்குக் குளித்தவர்கள் முடி காயாமல் படுக்கக் கூடாது. நீண்ட கூந்தல் உள்ள பெண் பிள்ளைகள் மாலையில் தலைக்குக் குளிக்காமல் இருப்பது நல்லது.

விடுதிக்குப் போனதும் போர்வைகளைத் தொட்டுப் பாருங்கள். மலைப் பகுதியில் அடுக்கி வைத்த போர்வை ஈரம் கோத்திருக்கும். வெயில் இருக்கும்போதே ஒரு மணி நேரம் காயப்போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளிரில் சில பிள்ளைகள் உறக்கத்தில் சிறுநீர் கழித்துவிடுவார்கள். எட்டாம் வகுப்பிலும் இது நடக்கும். நனைந்த படுக்கையில், யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, விடியும்வரை அப்படியே கிடப்பார்கள். இரவு பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் எல்லாரையும் எழுப்பிக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டால் இந்தச் சங்கடம் பெரும்பாலும் வராது. கைவசம் இரண்டு மாற்று உடைகளும் ஒரு போர்வையும் வைத்திருங்கள். நடந்துவிட்டால் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுங்கள்.

ஸ்வெட்டர் இல்லாமல் எப்படி?

ஒரு கனமான ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய உடைகள் பல நேரம் கூடுதல் பயன் தரும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே காற்று நிற்கிறது அல்லவா? பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதன்மேல் அண்ணனுடைய தொளதொளப்பான சட்டை. உடை இறுக்கமாக இருந்தால் காற்றுக்கு இடமில்லை. கால்சட்டைக்குள் ஒரு பழைய லெகிங்ஸ். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு.

உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போகிறது என்று நாம் கேட்டிருக்கிறோம். அது உண்மையல்ல. தலை தன் பரப்புக்கு ஏற்ற அளவில்தான் வெப்பத்தை இழக்கும். ஆனால் மற்ற உடலெல்லாம் மூடியிருக்கும்போது திறந்திருக்கும் தலை முக்கியமாகிவிடும். எனவே தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளலாம். மூக்கும் வாயும் வெளியே இருக்க வேண்டும். முகத்தோடு போர்த்தினால் மூச்சிலுள்ள ஈரம் போர்வையில் படிந்துவிடும்.

பகலில் தோடர் குடியிருப்பு ஒன்றைப் பார்க்க முடிந்தால் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். அவர்களுடைய பழைய முறை வீடு பாதி உருளை வடிவம் கொண்டது. வாசல் தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறியது. கதவு சிறிதாக இருந்தால் சூட்டுக் காற்று வெளியேறும் வழியும் சிறிது. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி என்ற கனத்த பருத்திப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்திருப்பார்கள். தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அழகுக்காகப் பார்க்கும் பொருளைக் குளிருக்கான பொருளாகவும் பார்க்கப் பிள்ளைகள் அங்கே கற்றுக்கொள்வார்கள்.

விடுதிக் கூடத்திலும் இதையே செய்யலாம். கதவின் அடிச் சந்தைச் சாக்கைச் சுருட்டி அடைத்துவிடுங்கள். ஆனால் மேலே உள்ள காற்றுப்போக்கியை ஒருபோதும் மூடாதீர்கள். இருபது பேர் மூச்சுவிடும் அறைக்குக் காற்று வேண்டும். படுக்கைகளைச் சன்னலோரத்திலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி, நடுவில் நெருக்கமாகப் போடுங்கள்.

சாப்பாடும் வெந்நீரும்

உடல் என்னும் அடுப்புக்கு விறகு உணவு. மலைப் பயணக் களைப்பில் சாப்பிடாமல் படுக்கும் பிள்ளை இரவில் அதிகம் நடுங்கும். ஏழு, ஏழரை மணிக்குள் வயிறு நிறையச் சாப்பிட வைத்து, படுக்கும் முன் இரண்டு வாழைப்பழமோ கடலைமிட்டாயோ கொடுங்கள். இரவில் டீ வேண்டாம். தூக்கமும் கெடும், சிறுநீரும் முட்டும்.

மிகவும் குளிர்கிற பிள்ளைக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, மூடியைச் சரிபார்த்து, துண்டில் சுற்றிப் பாதத்தருகே வையுங்கள். ஒரு லிட்டர் நீர் 55 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குக் குளிரும்போது 84 கிலோஜூல் வெப்பம் தரும். உடல் 20 நிமிடம் வெளிவிடும் வெப்பம் அது. உறக்கம் பிடிக்க அந்த இருபது நிமிடம் போதும். தன் வெப்ப ஏற்புத்திறன் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

நெருப்பு அறைக்குள் வேண்டாம்

இதில் விதிவிலக்கே கிடையாது. கரி போதிய காற்று இல்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. புகையோ சுடரோ இல்லாமல் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்தும் அது வரும். இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கமான உறக்கம் என்று வரும். உறங்குபவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. மலை வாசத்தலங்களில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழாமல்போன செய்திகளை நாளிதழ்களில் படித்திருக்கிறோம். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. மின் கம்பிச் சூடேற்றியைப் போர்வைகளுக்கு அருகே வைப்பதும், வாளி வெந்நீருக்குப் போட்ட ராடைப் பிள்ளைகள் கையாள்வதும் வேண்டாம். விடுதிக்குள் நுழைந்ததுமே பணியாளர்களிடம், "எக்காரணம் கொண்டும் கரி கொண்டுவர வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். முதல் முறை நான் சொல்லாமல் விட்டது இதுதான்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

நடுக்கம் உடல் தன்னைத்தானே சூடாக்கும் முயற்சி. உலர்ந்த உடையும் இனிப்பான சூடான பானமும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, உடல் சூடாகாமலே நடுக்கம் நின்றுபோவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் நிலை அது. உடனே 108ஐ அழையுங்கள். அதுவரை ஈர உடையைக் கழற்றி, கீழேயும் மேலேயும் உலர்ந்த போர்வைகளால் சுற்றி, அசையாமல் படுக்க வையுங்கள். கை கால்களை அழுத்தித் தேய்க்கவோ சுடுநீர் ஊற்றவோ கூடாது. நினைவு தெளிவில்லாத பிள்ளைக்கு எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது. இழுப்பு உள்ள பிள்ளைகளின் பெயர்களை முன்பே கேட்டு, அவர்கள் மருந்து ஆசிரியர் கைப்பையில் இருக்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள்.

முன்பதிவின்போது கேட்க வேண்டியவை

விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது வாடகையை மட்டும் கேட்டு வைத்துவிடுகிறோம். இவற்றையும் கேட்கலாம்: எத்தனை கட்டில், எத்தனை தரைப்படுக்கை? ஆளுக்கு எத்தனை போர்வை, கூடுதலாகக் கிடைக்குமா? சன்னல் கண்ணாடிகள் உடையாமல் இருக்கின்றனவா? வெந்நீர் எந்த நேரத்தில், எதில் போடுகிறார்கள்? கழிப்பறை உள்ளேயா வெளியேயா? இரவு வழியில் விளக்கு உண்டா? பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு விடுதி பார்க்கலாம், அல்லது அதற்கேற்ப நாமே தயாராகப் போகலாம்.

பட்டியலின் முதல் வரி

இரண்டாம் சுற்றுலாவுக்கு நான் எழுதிய பட்டியலில் ஸ்வெட்டர் இல்லை. "ஒரு பாய், பழைய புடவையில் தைத்த பை, இரவுக்கென்று ஒரு சோடி உலர்ந்த காலுறை, ஒரு துண்டு, மூன்று சட்டைகள்" என்று இருந்தது. ஸ்வெட்டர் வைத்திருந்தவர்கள் கொண்டுவந்தார்கள். இல்லாதவர்கள் யாரும் பெயரைத் திரும்ப எடுக்கவில்லை. முதல் ஆண்டு வராத அந்தப் பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு. உதவிக்கு மூத்த மாணவியாக வா என்று அழைத்தேன். தன் அப்பா கொடுத்தனுப்பிய தெர்மாகோல் மூடிகள் இரண்டைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தாள். தரையில் படுத்த சிறிய பிள்ளைகள் இருவருக்கு அவற்றைக் கொடுத்துவிட்டாள். அன்றும் வெப்பமானி 9 டிகிரிதான் காட்டியது. மூன்று மணிக்கு எழுப்பியபோது எழ மறுத்து முனகும் அளவுக்குப் பிள்ளைகள் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில், பேருந்து பழனி மலைகள் தெரியும் பாதையில் வந்தபோது, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்ட மலை இதுதான் என்று தமிழாசிரியர் சொன்னார். அந்தப் பெண் உடனே கை தூக்கினாள். "மயிலுக்குத்தான் இறகு இருக்கே சார். சிலிர்த்துக்கிட்டா உள்ள காத்து நிக்குமே. அதுக்கு எதுக்குப் போர்வை?"

தமிழாசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேகனின் கொடைமடத்தை அவர் விளக்கட்டும் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். இறகைப் பற்றி அவள் சொன்னது சரிதான்.